இரண்டாவது கண்ணுக்கு விலை

கண்ணியபுரி என்றொரு நாடு இருந்தது. இப்போதும் இருக்கிறது என்கிறார்கள். நான் போனதில்லை. போய்வந்த கருப்பட்டி வியாபாரி ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரும் அந்த நாட்டு வழக்கப்படி ஒரு கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தாராம். ஆகவே சட்டப்படி அவர் எதையும் பார்க்கவில்லை, நானும் உங்களிடம் எதையும் சொல்லவில்லை.

அந்த நாட்டின் தலையாய சட்டம் இது: ஒரு கண்ணால் பார்த்தது பார்த்ததாகாது.

இந்தச் சட்டம் பிறந்த கதை சிறியது. முன்னொரு காலத்தில் ஆண்ட அரசருக்கு இடது கண் பழுது. அவர் ஆட்சியில் நெற்களஞ்சியம் காலியானது, பஞ்சம் வந்தது, அவருடைய மைத்துனர்மார் ஏரியைக் கூறு போட்டு விற்றார்கள். இதையெல்லாம் அரசர் பார்த்துக்கொண்டா இருந்தார் என்று மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். பார்க்கவில்லை என்று நிறுவவேண்டிய அவசியம் அரண்மனைக்கு வந்தது. அவைப் புலவர்கள் கூடி யோசித்தார்கள். மனிதனுக்கு இறைவன் கொடுத்தது இரண்டு கண்கள், ஆகவே இரண்டாலும் கண்டதே காட்சி, ஒன்றால் கண்டது கனவுக்குச் சமம் என்று தீர்ப்பாயிற்று. அரசர் குற்றமற்றவர் ஆனார்.

அரசர் போய்ச் சேர்ந்தார். சட்டம் தங்கிவிட்டது. மக்கள் அதை அரண்மனையைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். சுங்கச்சாவடியில் கை நீட்டுபவர் இடது கண்ணை மூடிக்கொள்வார், கொடுப்பவரும் மூடிக்கொள்வார். பக்கத்து வீட்டில் மருமகள் அடிபடும் சத்தம் கேட்டால் சன்னல் வழியே ஒரு கண்ணால் பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்காருவார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிட்டதாக நினைக்குமாம். கண்ணியபுரிக்காரர்கள் பூனையைவிடக் கெட்டிக்காரர்கள், ஒன்றை மட்டும் மூடினார்கள்.

நகரின் வடக்கே நீண்ட மதில் ஒன்று உண்டு. பகைவரைத் தடுக்கக் கட்டியது. பகைவர் யாரும் அந்த நாட்டை விரும்பி வராததால், அதைத் தாண்டவமூர்த்தி என்பவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அவர் மதில் நெடுகத் துளை போட்டார். ஒவ்வொரு துளையும் ஒரு கண் அளவு. துளைக்குப் பின்னால் கண்ணாடிகள் வைத்தார்.

அந்த நாட்டுக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்ணாடியின் முதுகில் பூசும் ரசத்தோடு அவர்கள் ஊர் ஏரிக் களிமண்ணைக் கலந்தால், அந்தக் கண்ணாடி தான் கண்டதை மறப்பதில்லை. ஞாபகக் கண்ணாடி என்று பெயர். கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு அதைச் சீராகக் கொடுப்பது வழக்கம். படுக்கையறையில் தொங்கும். பெண்கள் தலை துவட்டுவதும் சேலை மாற்றுவதும் அதற்கு முன்னால்தான். கட்டியவனும் அவளும் மட்டும் பார்க்கிற கண்ணாடி என்பதால் யாரும் அதைப் போர்த்தி வைப்பதில்லை.

தாண்டவமூர்த்தியின் மதிலுக்குப் பின்னால் இருந்தவை இத்தகைய கண்ணாடிகள். சில, பெண்கள் தாங்களே தெரிந்து, கூலி பேசி நின்றவை. சில, சாதாரணக் கண்ணாடி என்று சொல்லி நிறுத்தப்பட்டவை. சில, வீட்டிலிருந்து வந்தவை. எது எந்த வகை என்று துளை வழியே பார்ப்பவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் முயன்றதாகவும் தகவல் இல்லை.

பார்க்கக் காசு இல்லை. இதுதான் வெளியூர்க்காரர்களை வியக்க வைத்தது. அன்னசத்திரத்தில்கூட இலை நாமே கொண்டுபோக வேண்டிய நாட்டில், மதிலை மட்டும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருந்தார்கள். காரணம் மதிலுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. அங்கே வரிசையாக லேகியக் கடைகள். பார்த்துவிட்டுத் திரும்புகிறவன் முகத்துக்கு நேரே, ‘இழந்த வலிமை மீளும்’ என்று பலகை தொங்கும். ஒரு நாழிகைக்கு முன்வரை எதையும் இழந்ததாக நினைக்காதவன், இழந்துவிட்டோமோ என்று பயந்து ஒரு டப்பி வாங்குவான். லேகியக்காரர்கள் தாண்டவமூர்த்திக்குக் கப்பம் கட்டினார்கள். ஆக அந்த மதிலில் விற்பனைக்கு இருந்தது பெண்கள் அல்ல, பார்க்க வந்தவர்கள்தான். பெண்களை யாரும் விலைக்குக்கூட மதிக்கவில்லை.

இப்போது வடிவு என்பவளைச் சொல்கிறேன். அவள் உப்புச் சந்தையில் எடை போடுகிறவள். அந்தச் சந்தையில் எடை போடுவது என்றால் தராசைப் பிடிப்பது மட்டுமல்ல, கூவ வேண்டும். வாங்குபவன் பெயரையும் எத்தனையாவது எடை என்பதையும் சந்தை முழுக்கக் கேட்கும்படி ராகம் போட்டுக் கூவினால்தான் பிறகு தகராறு வராது. முதல் எடையை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். “லாபம், ஆவுடையப்பன். ரெண்டு, ஆவுடையப்பன்” என்று வடிவு தொடங்கினால் சந்தைக்கு அந்தப் பக்கம் கழுதைகள் காதைத் திருப்பும் என்று கேலி பேசுவார்கள். அவளுக்கு அந்தக் கேலி பிடிக்கும். அவள் புருஷன் மேற்கே துறைமுகத்துக்குப் பிழைக்கப் போனவன், போனவன்தான். அவள் அழுதது கொஞ்ச நாள், பிறகு தராசைப் பிடித்துக்கொண்டாள்.

ஒருநாள் சந்தையில் ஏதோ மாறியிருந்தது. உப்பு வாங்க வந்தவர்கள் தராசைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்கள், பார்க்கும்போது இடது இமை தானாகத் தாழ்ந்தது.

“எம் மூஞ்சியில என்னத்தப் பாக்கீரு? தராசப் பாரும்” என்றாள் ஒருவரிடம்.

“நான் ஒண்ணும் பாக்கலயே” என்றார் அவர், அவசரமாக.

அவளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அந்த நாட்டில் ஒருவர் இவ்வளவு அவசரமாகப் பார்க்கவில்லை என்று சொன்னால் எங்கே பார்த்தார் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தராசை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். புருஷன் புறப்பட்ட நாளில், வழிச்செலவுக்கு அடகு வைப்பதாகச் சொல்லிக் கல்யாணக் கண்ணாடியைப் போர்வையில் சுற்றி எடுத்துப்போனது அப்போதுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. ஆணி மட்டும் சுவரில் இருந்தது.

மதிலுக்குப் போனாள். தாண்டவமூர்த்தி நல்ல மனிதர்போலத்தான் பேசினார்.

“உக்காரு தாயி. மோர் குடிக்கியா?”

“நான் நிக்கிற கண்ணாடிய எடுத்துருங்க.”

“நீ நிக்கேன்னு யாரு சொன்னா?”

“ஊரே பாக்குதே.”

“பாத்தேன்னு ஒருத்தன் சொல்லணுமில்ல? ஒத்தக் கண்ணுல பாத்தவன் எப்படித் தாயி சொல்லுவான், சட்டம் விடுமா? ரெண்டு கண்ணால பாத்தவன் ஒருத்தனக் கூட்டிட்டு வா. அந்த நிமிசமே எடுத்துருதேன். நானும் அக்கா தங்கச்சியோட பொறந்தவந்தான்.”

நீதிமன்றத்துக்குப் போனாள். உப்புச் சந்தையே கூண்டில் ஏறி இறங்கியது. யாரும் பார்த்திருக்கவில்லை. ஆவுடையப்பன் சத்தியம் செய்தார், தன் வலது கண் மட்டும் ஒருவேளை அந்தப் பக்கம் போயிருக்கலாம் என்று. நீதிபதி அதைக் குறிப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வடிவைப் பார்த்தார். “போகட்டும். இந்தக் கண்ணாடியை மதிலுக்கு விற்றவன் யார்? பெயரைச் சொல்.”

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். அந்த நாட்டில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுள் குறையும்.

“வீட்டுக்காரரு” என்றாள்.

“வீட்டுக்காரர் என்பது பெயரன்று.”

“மேக்க போனவரு.”

“அது திசை.”

எனக்கு இந்த இடத்தில் அவள்மேல்தான் கோபம் வருகிறது. தன்னைப் போர்வையில் சுற்றி விற்றவனின் ஆயுளைக் காப்பாற்ற ஒருத்தி வாயைப் பூட்டிக்கொண்டு நிற்கிறாள். சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அவள் நினைத்திருந்தாலும் அந்தப் பெயர் நாக்கில் வந்திருக்காது. பிறந்ததிலிருந்து பழக்கியிருந்தார்கள். விற்றவனுக்குப் பெயர் இல்லை, விற்ற பொருளை யாரும் பார்த்ததில்லை, ஆகவே வழக்கே இல்லை என்று தீர்ப்பு சொன்னார்கள்.

அரண்மனை மட்டும் அவள் குறையைக் காதில் போட்டுக்கொண்டது. மாண்புத்துறை அமைச்சர் அருமைநாயகம் ஓர் ஆணை பிறப்பித்தார். எவனாவது தவறி இரண்டு கண்ணால் பார்த்துவிடாதபடி ஒவ்வொரு துளைக்கும் பித்தளை வளையம் பொருத்தப்பட்டது. மாண்பு வளையம் என்று பெயர் வைத்தார்கள். வளையத்தில் கன்னத்தைச் சாய்த்துக்கொள்ள வசதியாக இருந்ததால் கூட்டம் கூடியது.

மறுவாரம் வடிவு எடைக்கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். காவலர்கள் லேகியம் வாங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மதிலைச் சுற்றிப் பின்புறம் நுழைந்து தன் கண்ணாடியின்மேல் எறிந்தாள். அது உடைந்து சிதறியது. அவள் அங்கேயே உட்கார்ந்து நிம்மதியாக மூச்சு விட்டாள். பிறகுதான் காலடியில் கிடந்த சில்லுகளைக் குனிந்து பார்த்தாள்.

ஏரிக் களிமண் கலந்த கண்ணாடி உடைந்தால், ஒவ்வொரு சில்லும் முழுவதையும் ஞாபகம் வைத்திருக்கும். இது அந்த நாட்டுக் கண்ணாடிக்காரர்களுக்குத் தெரியும், உப்பு எடை போடுகிறவளுக்குத் தெரியாது. கட்டைவிரல் அளவுச் சில்லிலும் அவள் முழுதாக நின்றாள். காவலர் அவளைப் பிடித்து இழுத்துப் போவதற்குள் கூட்டம் புகுந்து அள்ளிக்கொண்டது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். அவள் கல்லை எறிந்து கண்ணடியைப் பெருக்கிக்கொண்டாள்.

சில்லு மடியில் இருந்தால் மதிலுக்கு எதற்குப் போக வேண்டும்? மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். இரவோடிரவாக மற்றக் கண்ணாடிகளும் உடைந்து போயின. ஒவ்வொருவன் இடுப்பிலும் ஒரு சில்லு, ஒருவனுக்கொருவன் சில்லு மாற்றிக்கொண்டார்கள். மதில் சாலை வெறிச்சோடியது. லேகியக்காரர்கள் பலகையைக் கழற்றிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனார்கள். தாண்டவமூர்த்தி குத்தகைப் பணம் கட்ட முடியாமல் அமைச்சரைப் பார்க்கப் போனார். நாட்டின் ஒழுக்கம் மறுமலர்ச்சி அடைந்தது இந்தச் சந்திப்பில்தான்.

“கூட்டம் வரல சாமி. இலவசம்னு விட்டு விட்டு எல்லாவனும் மடியில கட்டிக்கிட்டான். இனிமே இத எவனும் காசு குடுத்துப் பாக்க மாட்டான்” என்றார் தாண்டவமூர்த்தி.

“எனில் அரசின் வருவாய்?”

“அதுக்குத்தான் வந்தேன். ஒண்ணு கேக்குதேன், கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டம்மா உங்களப் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்களா?”

அமைச்சர் திடுக்கிட்டார். “அது எங்ஙனம் கூப்பிடுவாள்?”

“உங்க ஆத்தா செத்தப்புறம் யாராவது கூப்பிட்டிருக்காங்களா?”

அமைச்சரை மாண்புமிகு என்று ஊரே அழைக்கிறது. அருமைநாயகம் என்று ஒரு குரல் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவர் கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

“நம்ம நாட்டுல எந்த ஆம்பளைக்கும் அது இல்ல சாமி. துளைய அடைச்சிருவோம். சன்னல் வைப்போம். கண்ணாடி வேணாம், நெசப் பொம்பளையா உக்கார வைப்போம். உடம்பக் காட்டுதாளோ இல்லையோ, வந்தவன் பேரச் சொல்லி ‘சாப்பிட்டியா’ன்னு கேக்கட்டும். பேருக்குச் சில்லு கெடையாது. ஒருத்தன் பேர இன்னொருத்தன் மடியில கட்டிக்கிட்டுப் போவ முடியாது.”

அடுத்த நாள் முரசறைந்தார்கள். அமைச்சர் அரண்மனைப் படியில் நின்று உரையாற்றினார்.

“பெருமக்களே, இலவசமாகப் பார்ப்பவன் கண் அலைகிறது. காசு கொடுத்துப் பார்ப்பவன் கண் ஓரிடத்தில் நிற்கிறது. கண் நின்றால் மனம் நிற்கும், மனம் நின்றால் நாடு நிற்கும். ஆகவே இன்றுமுதல் ஆபாசம் ஒழிக்கப்படுகிறது. துளைகள் மூடப்படும். அவற்றின் இடத்தில், கட்டணத்துடன் கூடிய கண்ணியச் சன்னல்கள் திறக்கப்படும். இரண்டு கண்ணுக்கும் இடம் உண்டு. நாம் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.”

மக்கள் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் மட்டும், இலவசமாக இருந்தபோது பாவமாக இருந்தது காசு கொடுத்தால் எப்படிப் புண்ணியமாகும் என்று கேட்டாராம். கோயிலில் சிறப்புத் தரிசனம் இல்லையா என்று அமைச்சர் திருப்பிக் கேட்டார், பெரியவர் அடங்கிவிட்டார்.

ஆணைமேல் ஆணை வந்தது. சிறுவர்கள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக, வாசலில் ஒவ்வொருவரும் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பெயர் உள்ளே சன்னல் பெண்ணுக்கும் போனது, அரண்மனைக்கும் போனது. பிறகு அரண்மனை வரி ஏற்றியபோது எதிர்த்துப் பேசக் கிளம்பியவர்கள், ஏனோ பாதி வழியில் திரும்பி வந்தார்கள். அடுத்து நாணயச்சாலைத் தலைவர் ஒரு தீட்டைக் கண்டுபிடித்தார். சன்னல் காசு கருவூலக் காசோடு கலந்தால் அரசர் கை கறைபடும், ஆகவே அதை நாணயச்சாலைத் தொட்டியில் கழுவித்தான் புழங்கவிட வேண்டும், கழுவுகூலி காசிலேயே பிடிக்கப்படும். அதிலும் தனக்குப் பிடிக்காத சன்னல்களின் காசைக் கழுவ மறுக்கும் உரிமை தலைவருக்கு உண்டு. மறுத்தால் அந்தச் சன்னல்காரி அன்று பட்டினி.

சன்னலில் உட்கார்ந்த பெண்களுக்கு, உங்கள் சன்னல் உங்கள் உரிமை என்று சொல்லப்பட்டிருந்தது. சிலருக்கு உண்மையிலேயே விடிவு வந்தது, அதை மறைக்கமாட்டேன். முன்பு கண்ணாடியில் நின்று ஒன்றும் கிடைக்காமல் இருந்தவள் இப்போது பிள்ளைக்குப் பால் வாங்கினாள். ஆனால் அரண்மனைப் பங்கும் தாண்டவமூர்த்தியின் சன்னல் வாடகையும் கழுவுகூலியும் போக மிஞ்சியதில் பெரும்பாலோருக்குத் தொண்டைக்கு மிளகு வாங்கத்தான் ஆயிற்று. நாள் முழுக்கப் பெயர் சொன்னால் தொண்டை கட்டிக்கொள்ளும்.

ஆண்கள் கூலியோடு நேரே சன்னலுக்குப் போனார்கள். வீட்டில் அடுப்பு எரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலைக் கேட்டு அவர்கள் அழுதார்கள் என்று வியாபாரி சொன்னார். பாவம் என்று எனக்குத் தோன்றியது. அதே காசுக்கு வீட்டுக்காரியிடம் தன் பெயரைச் சொல்லிக் கொடுக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

வடிவு சிறையிலிருந்து வந்து மறுபடி தராசைப் பிடித்திருந்தாள். நாட்டில் இருந்த சில்லுகளையெல்லாம் அரசு பறிமுதல் செய்ததாக அறிந்து, தன் கதை முடிந்தது என்று நினைத்திருந்தாள். பறிமுதல் செய்த சில்லுகளை அரச முத்திரை குத்தித் தாண்டவமூர்த்தியிடமே ஒப்படைத்ததும், பெண் கிடைக்காத சன்னல்களில் அவற்றை வைத்திருப்பதும் அவளுக்குத் தெரியாது. பிச்சாண்டி வந்து சொல்லித்தான் தெரிந்தது.

பிச்சாண்டி உப்பு வண்டி ஓட்டுகிறவன். பெண்டாட்டி செத்துப்போன, அதிகம் பேசாத மனிதன். சந்தை கலைந்தபின் அவள் முன்னால் வந்து நின்றான். நெடுநேரம் மாட்டுக்கயிற்றைத் திரித்துக்கொண்டே இருந்தான்.

“அக்கா, என்னச் செருப்பால அடி.”

“என்னடா?”

“நான் எம் பேரச் சொல்லக் கேக்கத்தான் போனேன். சத்தியமா. தெரைய விலக்குனா ஆளு இல்ல, சில்லு இருக்கு. நீ நிக்கே. தல தொவட்டிக்கிட்டு நிக்கே. நான் கண்ண மூடுததுக்குள்ள ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டேன்.”

வடிவு உப்புச் சாக்கின்மேல் உட்கார்ந்தாள். செருப்பைத் தேடவில்லை. “ரெண்டு கண்ணாலயுமா?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமாக்கா.”

“அது நாந்தான்னு சொல்லுவியா? கூண்டுல ஏறி?”

அந்த நாட்டில் தான் பார்த்ததாக ஒருவன் கூண்டில் சொன்னதே கிடையாது. சொன்னவன் முகத்தில் பிறகு யாரும் இரண்டு கண்ணாலும் விழிக்கமாட்டார்கள். பிச்சாண்டி கயிற்றைக் கீழே போட்டான். “சொல்லுதேன்” என்றான்.

வழக்கு மறுபடி வந்தது. தாண்டவமூர்த்தி முதன்முறையாக வியர்த்தார். நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. பிச்சாண்டி கூண்டில் ஏறி, “நான் பாத்தேன். ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். அது இவங்கதான். இவங்க தெரிஞ்சு நிக்கல” என்றான். சட்டம் வந்த நாளிலிருந்து அந்த நாட்டில் பேசப்பட்ட முதல் சாட்சி அதுதான். வடிவு அழுதாள். தான் தோற்ற அன்று அழாதவள், ஜெயிக்கப்போகிறோம் என்று அழுதாள்.

நீதிபதி கனைத்துக்கொண்டார். “சாட்சி, நீர் சன்னலுக்குக் கட்டணம் செலுத்தினீரா?”

“செலுத்துனேன்யா.”

“எனில் நீர் பார்த்தவர் அல்லர். வாங்கியவர். வாங்கப்பட்ட பொருளுக்கு விற்றவர் ஒருவர் இருக்க வேண்டும். அந்தச் சன்னலின் வருமானத்தில் சில்லில் இருப்பவளுக்குரிய பங்கு, கழுவப்பட்டு, அவள் பெயரில் கருவூலத்தில் காத்திருக்கிறது. ஆகவே விற்றவள் இவளே. விற்றவள், விற்றதைப் பிறர் பார்த்தார்கள் என்று முறையிட முடியாது. இலவசமாக இருந்தபோது இவளை எவரும் பார்க்கவில்லை. விலை வைத்தபின் எல்லோரும் வாங்கிவிட்டார்கள். இந்நாட்டில் இவளுக்கு எக்காலத்திலும் எதுவும் நேரவில்லை என்று இந்த மன்றம் மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறது.”

அதோடு விடவில்லை. காசு கொடுத்தவர்கள் பெயர் சொல்லப்படாமல் ஏமாந்து திரும்புவதாகத் தாண்டவமூர்த்தி ஒரு எதிர்மனு கொடுத்திருந்தார். சில்லுக்கு வாய் இல்லை. ஆகவே சில்லின் சொந்தக்காரி சன்னலில் அமர்ந்து, வந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், அவள் வாயை எவரும் தடுக்கலாகாது என்று தீர்ப்பில் சேர்த்தார்கள். நேர்மையான முதல் வாடிக்கையாளர் என்று பிச்சாண்டிக்கு அமைச்சர் மாலை போட்டார். அவன் மாலையை மாட்டின் கழுத்தில் போட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு நாட்டை விட்டே போய்விட்டான்.

வடிவைச் சன்னலில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் சில்லு, முன்னால் திரை. வெளியே நீண்ட வரிசை, வழக்கால் கிடைத்த விளம்பரம். முதல் ஆள் திரையை விலக்கினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். மற்றப் பெண்கள்போல் கிசுகிசுக்க அவளுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்தது சந்தைக் குரல் ஒன்றுதான்.

“லாபம், மாசானம்” என்று கூவினாள்.

வரிசையில் நின்றவர்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. மாசானம் அவள் புருஷன். கண்ணியபுரியில் ஒரு மனைவி புருஷன் பெயரைச் சொன்னதை, அதுவும் மதில் நெடுகக் கேட்கும்படிச் சொன்னதை, அன்றுதான் கேட்டார்கள். மேற்கே எங்கோ அவன் ஆயுள் குறைந்ததா என்று தெரியவில்லை. குறைந்திருந்தால் எனக்கு வருத்தமில்லை.

“ரெண்டு, தாண்டவமூர்த்தி. மூணு, ஆவுடையப்பன்.”

சந்தையில் அவள் முன்னால் இமை தாழ்த்திய ஒவ்வொருவர் பெயரும் அவளுக்குப் பாடம். வாசலில் சொல்லி உள்ளே வந்த பெயர்களும் சேர்ந்துகொண்டன. நீதிபதியின் பெயரைக் கூவினாள். நாணயச்சாலைத் தலைவரைக் கூவினாள். அருமைநாயகம் என்று அவள் கூவியபோது, அரண்மனை மாடத்தில் நின்றிருந்த அமைச்சர் தன்னை மறந்து, “என்னம்மா” என்றார் என்று சொல்கிறார்கள். கழுதைகள் காதைத் திருப்பின. ராகம் போட்டு, எண் தவறாமல், ஒருவர் பெயரும் விடாமல் கூவினாள்.

அவளைத் தடுக்க முடியவில்லை. பெயர் சொல்வது அவள் கடமை, வாயைத் தடுக்கலாகாது என்பது தீர்ப்பு. சட்டத்தை மீறினால் நாடு என்ன ஆவது? அமைச்சரவை விடிய விடியக் கூடியது. காலையில் முரசு வந்தது.

அன்றிலிருந்து கண்ணியபுரியில் எல்லோரும் இடது காதில் விரலை வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். ஒரு காதால் கேட்டது கேட்டதாகாது. மதில் பக்கம் போகிறவர்கள் ஒரு கை காதிலும் ஒரு கை காசுப் பையிலுமாகப் போகிறார்கள். வடிவு இன்னும் கூவிக்கொண்டிருக்கிறாள். குரல் கம்மிவிட்டதாம். சில்லில் நிற்கிறவளுக்கு வயது ஏறவில்லை, இவளுக்கு ஏறுகிறது. கருவூலத்தில் அவள் பங்கு அப்படியே இருக்கிறது, அவள் தொடவில்லை.

வியாபாரி அந்த மதிலைக் கடந்து ஊர் திரும்பும்போது கொஞ்ச தூரம்வரை அவள் குரல் கூடவே வந்ததாம். உள்ளூர்ப் பெயர்கள் முடிந்து வெளியூர்ப் பெயர்கள் தொடங்கியிருந்தன. எல்லாம் நம் பக்கத்துப் பெயர்களாக இருந்தனவே என்று ஆச்சரியப்பட்டார். ஒவ்வொன்றாக என்னிடம் சொல்லவும் செய்தார். நான் ஒரு காதால்தான் கேட்டேன்.